ஐம்பதாயிரம் பெசோவும் ஓர் இரவும்

சூப்பர் மார்க்கெட் கல்லா ஒன்றில் தொடங்குகிறது 'மா ரோசா' என்ற பிலிப்பைன்ஸ் திரைப்படம். கடைக்கு வேண்டிய சரக்குகளை மொத்தமாக வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறாள் ரோசா. பணம் கொடுத்தாகிவிட்டது. மீதிச் சில்லறையில் சில சென்டாவோக்கள் குறைகின்றன; நூறு சென்டாவோ சேர்ந்தால்தான் ஒரு பெசோ. காசு இல்லை என்று சொல்லி மிட்டாயை நீட்டுகிறாள் கல்லாவில் இருக்கும் பெண். ரோசாவுக்கு மிட்டாய் வேண்டாம், காசு வேண்டும். பின்னால் நிற்பவர்கள் பொறுமை இழக்கிறார்கள். அவள் அசையவில்லை.

முதல் முறை பார்த்தபோது இந்தக் காட்சியை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏழைப் பெண்ணின் கறார்த்தனத்தைக் காட்ட ஒரு சின்னச் சம்பவம் என்று நினைத்தேன். படம் முடிந்த பிறகுதான் புரிந்தது, மீதி ஒன்றரை மணி நேரத்துக்கும் சாவி அங்கேதான் இருக்கிறது என்று. ஒரு சென்டாவோவைக்கூட விட்டுக்கொடுக்காத ஒருத்தியிடம் அன்றிரவே இரண்டு லட்சம் பெசோ கேட்கப்படுகிறது. கல்லாவுக்கு உள்ளே இருப்பவர் சில்லறை இல்லை என்று சொல்லிவிடலாம், வெளியே நிற்பவர் அப்படிச் சொல்ல முடியாது. கல்லாவில் நடந்ததே போலீஸ் நிலையத்திலும் நடக்கிறது, தொகைதான் வேறு.

பிரில்லாண்ட்டே மெண்டோசா இயக்கிய இந்தப் படம் 2016 மே மாதம் கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவில் திரையிடப்பட்டது. ரோசாவாக நடித்த ஜாக்லின் ஹோசேவுக்குச் சிறந்த நடிகை விருது கிடைத்தது. கானில் அந்த விருதைப் பெற்ற முதல் பிலிப்பைன்ஸ் நடிகை அவர்தான். அதே ஆண்டு போட்டியில் பிரான்ஸின் இசபெல் உப்பேர், பிரேசிலின் சோனியா பிராகா போன்ற பெரிய நடிகைகளும் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த விருதின் எடை தெரியும்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மணிலா பெருநகரத்தைச் சேர்ந்த மண்டாலுயோங்கின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் ரோசாவும் அவள் கணவன் நெஸ்டரும் சிறிய கடை நடத்துகிறார்கள். நான்கு பிள்ளைகள். கடை வருமானம் போதாததால் 'ஐஸ்' என்று அங்கே சொல்லப்படும் மெத் போதைப்பொருளையும் சிறு பொட்டலங்களாக விற்கிறார்கள். ஒரு நாள் இரவு போலீஸ் வருகிறது. இருவரையும் பிடித்துக்கொண்டு போய் விலை பேசுகிறது. பிள்ளைகள் பணம் தேடி ஊரெல்லாம் அலைகிறார்கள்.

முதலில் அந்தக் கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிலிப்பைன்ஸில் இதற்கு 'சாரி-சாரி' கடை என்று பெயர். டகாலோக் மொழியில் சாரி-சாரி என்றால் பலவகைப்பட்டது என்று பொருள். வீட்டின் முன்பக்கத்து ஜன்னலுக்குக் கம்பி வலை அடித்து, உள்ளே அடுக்குப்பலகை போட்டால் கடை தயார். இப்படிப்பட்ட கடைகள் அந்த நாட்டில் பத்து லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. தனி முதலீடு என்று பெரிதாக எதுவும் தேவையில்லை என்பதால், குடும்பத்தை ஒரு படி மேலே ஏற்ற நினைக்கும் பெண் முதலில் கை வைப்பது இதில்தான். நம்மூர்ப் பெட்டிக்கடைக்கு நெருங்கிய உறவு என்று சொல்லலாம். ஆனால் இங்கே கடையும் வீடும் வேறு வேறாக இல்லை. சமைக்கிற இடத்திலிருந்தே கை நீட்டிச் சோப்பை எடுத்துக் கொடுத்துவிடலாம்.

அந்தக் கடையின் உயிர் 'திங்கி' என்கிற முறையில் இருக்கிறது. சில்லறையிலும் சில்லறையாக விற்பதுதான் திங்கி. சிகரெட் ஒற்றையாக, ஷாம்பு ஒரு வேளைக்கான சாஷேயில், சமையல் எண்ணெய் ஒரு சிறு பொட்டலமாக, பூண்டு சில பற்களாக. முழுப் பாக்கெட் வாங்கினால் மலிவு என்று எல்லோருக்கும் தெரியும். அன்றைய கூலியை அன்றே பங்கு போட வேண்டிய வீட்டில் அந்த மலிவை வாங்கவும் காசு இருப்பதில்லை. கடைக்காரி மொத்தமாக வாங்கிப் பிரித்து விற்கிறாள். பிரிப்பதில்தான் அவளுடைய லாபம். பாதிப் பேர் கடன் சொல்வார்கள். நோட்டில் பெயர் ஏறும். கண்டிப்பாகக் கேட்டால் வாடிக்கை போகும், கேட்காவிட்டால் சரக்குக்குப் பணம் இருக்காது.

ரோசா போதைப்பொருள் விற்பதும் இதே கையால், இதே முறையில்தான். மொத்தமாக வரும் ஐஸைச் சிறு பிளாஸ்டிக் பொட்டலங்களாகப் பிரித்து, அறிந்த முகங்களுக்கு விற்கிறாள். அவளுக்கு அது இன்னொரு சரக்கு. மெண்டோசா அந்தக் காட்சிகளில் பயமுறுத்தும் இசையோ இருட்டோ சேர்க்கவில்லை. ரோசாவை நல்லவளாக்கவும் இல்லை. அவள் பேச்சு முரட்டுத்தனமாக இருக்கிறது, கணவனை அதட்டுகிறாள், நெஸ்டர் தானும் அந்தப் பொடியை உபயோகிப்பவன். ஏழை என்பதற்காகக் குற்றத்தைக் கழுவிவிடாத இந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்தது.

இனி, வெளிநாட்டுப் பார்வையாளருக்குப் புரியாமல் போகக்கூடிய ஒன்று. பிடிபட்டவுடன் அந்தக் குடும்பம் வக்கீலைத் தேடவில்லை, நீதிமன்றத்தைப் பற்றிப் பேசவில்லை. நேரே பேரத்துக்குப் போகிறது. அறியாமையால் அல்ல. அவர்களுக்குச் சட்டம் நன்றாகவே தெரியும். 2002-இல் வந்த பிலிப்பைன்ஸ் போதைப்பொருள் சட்டத்தின்படி, விற்ற அளவு எவ்வளவு என்பது பொருட்டே இல்லை. ஒரு பொட்டலம் விற்றாலும் ஆயுள் தண்டனைதான். குறைந்தபட்ச அபராதம் ஐந்து லட்சம் பெசோ. சட்டம் எழுதப்பட்டபோது மரண தண்டனையும் அதில் இருந்தது. 2006-இல் நாடு மரண தண்டனையை ஒழித்ததால் அது போயிற்று. குற்றத்தை ஒப்புக்கொண்டு குறைந்த தண்டனை பெறும் வழியையும் அந்தச் சட்டம் அடைத்து வைத்திருந்தது. அந்தத் தடை செல்லாது என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2017-இல், படம் வந்த மறு ஆண்டு.

ஆக 2016-இல் ரோசாவின் முன்னே இருந்தவை இரண்டே வழிகள். பெயர் பதிவேட்டில் ஏறினால் ஆயுள் முழுக்கச் சிறை. ஏறுவதற்கு முன் பணம் கொடுத்தால் வீடு. கடுமையான சட்டம் போலீஸ்காரர் கையில் ஒரு விலைப்பட்டியலாக மாறுகிறது. தண்டனை எவ்வளவு பெரிதோ, அதைத் தவிர்ப்பதற்கான தொகையும் அவ்வளவு பெரிதாகும். படத்தில் யாரும் இதை வாய்விட்டு விளக்குவதில்லை. போலீஸ் நிலையத்தின் முன்பக்கத்து அறையில் மேசை, பதிவேடு எல்லாம் இருக்கின்றன. ரோசாவையும் நெஸ்டரையும் அதைத் தாண்டிப் பின்புறத்து அறைக்குக் கூட்டிப் போகிறார்கள். சட்டத்துக்கும் பேரத்துக்கும் இடையிலுள்ள தூரம் அந்தச் சில அடிகள்தான்.

முதலில் கேட்கப்படுவது இரண்டு லட்சம் பெசோ. அந்த ஆண்டு மணிலா பெருநகரத்தில் ஒரு நாளுக்குரிய குறைந்தபட்சக் கூலி 491 பெசோ. நானூறு நாள் உழைத்தாலும் அந்தத் தொகை சேராது. இல்லையென்றால் சரக்குக் கொடுத்தவனைக் காட்டிக்கொடு என்கிறார்கள். பிலிப்பைன்ஸில் இதற்குப் 'பலித்-உலோ' என்று பெயர் உண்டு. தலைக்குத் தலை மாற்று என்று பொருள். ரோசா தன் சப்ளையர் ஜோமாரைக் கூப்பிடுகிறாள். அவன் வந்து மாட்டிக்கொள்கிறான், அடிபட்டு முகமெல்லாம் ரத்தமாகிறது. கைப்பற்றிய பணத்தில் போலீஸார் சுட்ட கோழியும் பீரும் வாங்கிவரச் செய்து அதே அறையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அந்தச் சாப்பாட்டில் கொடூரம் எதுவும் தனியாகக் காட்டப்படவில்லை. வேலை முடிந்து பசியாறுகிறவர்களைப் போலவே இருக்கிறார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எல்லாக் கழித்தலும் போக, ரோசா குடும்பத்தின் கணக்கில் ஐம்பதாயிரம் பெசோ நிற்கிறது. அன்றைய மதிப்பில் ஏறக்குறைய எழுபதாயிரம் இந்திய ரூபாய். பெற்றோரை அங்கே விட்டுவிட்டுப் பிள்ளைகள் பணம் தேடக் கிளம்பும் இடத்தில் படம் இரண்டாம் பாதிக்குள் போகிறது.

மூத்தவன் ஜாக்சன் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் விலை கேட்டு அலைகிறான். ஒரு ஏழைக் குடும்பம் முன்னுக்கு வந்ததற்கு அடையாளமாகக் கூடத்தில் வைக்கும் முதல் பொருள் தொலைக்காட்சிதான். அதைத் தோளில் சுமந்து, தெரிந்தவர் வீட்டு வாசலில் நின்று, வாங்குகிறீர்களா என்று கேட்பது எப்படிப்பட்டது என்பதைக் கேமரா அவன் பின்னாலேயே நடந்து காட்டுகிறது. மகள் ராக்கேல் உறவினர் வீடுகளுக்குப் போகிறாள். இளையவன் எர்வினிடம் விற்க எதுவும் இல்லை. தன் உடலை ஓர் ஆணிடம் விற்கிறான். மெண்டோசா அந்தக் காட்சியை நீட்டவில்லை. காசைக் கையில் வாங்கியதும் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறது படம்.

மனதில் அதிகம் தங்கியது ராக்கேல் போகும் உறவினர் வீடு. அங்கே டில்டே என்ற பெண்ணாக மரியா இசபெல் லோபெஸ் நடித்திருக்கிறார். உன் அம்மா என்னை எப்படி நடத்தினாள் தெரியுமா என்று தொடங்கி, பழைய மனக்கசப்பையெல்லாம் அந்தப் பெண்ணின் தலையில் கொட்டுகிறாள் டில்டே. ராக்கேல் தலைகுனிந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொள்கிறாள். திட்டி முடித்ததும் டில்டே பணம் கொடுக்கிறாள். வசவு வட்டியாகவும் பணம் அசலாகவும் ஒரே நேரத்தில் கைமாறுகின்றன. ஆபத்துக் காலத்தில் உறவுக்காரர் வீட்டுப் படியேறியவர்களுக்கு இந்தக் காட்சியில் விளக்க ஒன்றும் இல்லை.

பிலிப்பைன்ஸில் 'ஊத்தாங் நா லோஓப்' என்று ஒரு கருத்து உண்டு. உள்ளத்துக் கடன் என்று சொல்லலாம். நன்றிக்கடன் என்ற நம் சொல் ஏறக்குறைய பொருந்தும், ஆனால் அங்கே அது இன்னும் இறுக்கமானது. நெருக்கடியில் ஒருவர் செய்த உதவி கணக்குத் தீர்ந்து போவதில்லை. தலைமுறை தாண்டியும் நிற்கும். வங்கி கதவைத் திறக்காத மக்களுக்கு இந்த உறவு வலைதான் வங்கி. பணம் கொடுக்கும் மற்றவர்கள் 'ஐந்துக்கு ஆறு' வட்டிக்காரர்கள். ஐந்து வாங்கினால் ஆறாகத் திருப்பித் தர வேண்டும். இந்தத் தொழிலில் மோட்டார் சைக்கிளில் வந்து வசூலிக்கும் பஞ்சாபி இந்தியர்கள் பலர் இருப்பதால், அங்கே வட்டிக்காரரையே 'பும்பாய்' என்று சொல்கிறார்கள். நம் நாட்டு நகரத்தின் பெயர் இன்னொரு நாட்டின் ஏழைத் தெருவில் கடனுக்கு மறுபெயராகிவிட்டிருக்கிறது.

இந்தக் குடும்பத்துக்குக் கனவு என்று ஏதாவது இருந்ததா? யாரும் அமெரிக்கா போக வேண்டும், பாடகராக வேண்டும் என்று பேசுவதில்லை. படத்தில் இலட்சியம் இல்லை, வெறும் துன்பம்தான் என்று சொன்ன விமர்சனங்களைப் படித்திருக்கிறேன். எனக்கு உடன்பாடில்லை. கடைக்கு இன்னும் ஓர் அலமாரி, பிள்ளைகளுக்குப் படிப்பு, கூடத்தில் தொலைக்காட்சி, கையில் கைப்பேசி: ரோசாவின் இலட்சியம் பொருள்களாக வீடு முழுக்க நிற்கிறது. ஒரே இரவில் அவை ஒவ்வொன்றாகப் பணமாக மாறும்போதுதான் எத்தனை ஆண்டு உழைப்பு அங்கே இருந்தது என்று நமக்குத் தெரிகிறது. ஏணியின் படிகளை உருவி விறகாக எரிப்பதைப் போல.

பிலிப்பைன்ஸ் சினிமாவுக்கு இந்தத் தடம் புதிதல்ல. லினோ புரோக்கா 1984-இல் கான் போட்டிக்குக் கொண்டுபோன படம், மனைவியின் ஆஸ்பத்திரிக் கட்டணத்தைக் கட்ட முடியாத அச்சகத் தொழிலாளி ஒருவன் திருட்டில் இறங்குவதைச் சொன்னது. 'நெருக்கடியில் இருப்பவன் கத்தியின் கூர்முனையையும் பற்றிக்கொள்வான்' என்ற டகாலோக் பழமொழியிலிருந்து அதன் தலைப்பை எடுத்திருந்தார் புரோக்கா. அதற்குப் பிறகு கான் போட்டியில் ஒரு பிலிப்பைன்ஸ் படம் இடம்பெற 24 ஆண்டுகள் ஆயின. 2008-இல் அந்த இடைவெளியை முடித்தவர் மெண்டோசா. மறு ஆண்டே அங்கே சிறந்த இயக்குநர் விருதும் பெற்றார்.

நடுவே நடந்தது டிஜிட்டல் கேமராவின் வருகை. பிலிம் சுருள் விலையால் பெரிய ஸ்டுடியோக்கள் கையில் இருந்த தொழில், 2000-க்குப் பிறகு இளைஞர்கள் கைக்கு வந்தது. 2005-இல் தொடங்கிய சினிமலாயா விழா, தேர்வான ஒவ்வொரு திரைக்கதைக்கும் ஐந்து லட்சம் பெசோ விதைப்பணம் கொடுத்தது. அதே ஆண்டில்தான், விளம்பரத் துறையில் அரங்க அமைப்பாளராக இருந்த மெண்டோசா நாற்பது வயதைத் தாண்டிய நிலையில் தன் முதல் படத்தை எடுத்தார். செட் போடாமல் உண்மையான தெருவில், கையில் பிடித்த கேமராவோடு எடுப்பது அவர் வழக்கம். நடிகர்களிடம் முழுத் திரைக்கதையையும் கொடுப்பதில்லை. கதை நடக்கிற வரிசையிலேயே எடுப்பார், அன்றைய காட்சியின் சூழ்நிலையை மட்டும் சொல்வார். 'மா ரோசா'வில் பிள்ளைகளின் முகத்தில் தெரியும் தடுமாற்றத்துக்கு இந்த முறையும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஜாக்லின் ஹோசேவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. எண்பதுகளின் நடுவில் திரைக்கு வந்தவர். புரோக்காவின் படங்களிலும் நடித்தவர். பின்னர் தொலைக்காட்சித் தொடர்களில் எத்தனையோ அம்மா வேடங்கள். நெஸ்டராக வரும் ஹூலியோ டியாஸும் அவரும் 1986-ஆம் ஆண்டுப் படம் ஒன்றில் இளமையில் சேர்ந்து நடித்தவர்கள். முப்பது ஆண்டு கழித்து அலுத்துப்போன கணவன் மனைவியாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். மகள் ராக்கேலாக நடித்த ஆண்டி ஐகன்மன் ஹோசேவின் சொந்த மகள். கானில் பெயர் அறிவிக்கப்பட்டபோது மகளையும் மேடைக்கு அழைத்துக்கொண்டு போனார்.

பிலிப்பைன்ஸ் மெலோடிராமாவில் அம்மா என்றால் கதறுவாள், அறைவாள், மயங்கி விழுவாள். ஹோசே அந்தப் பள்ளியில் படித்தும் அதற்கு எதிர்த்திசையில் போனவர். போலீஸ் அறையில் அவர் குரல் ஏறுவதே இல்லை. கண் மட்டும் ஒவ்வொரு முகத்தையும் எடைபோட்டுக்கொண்டே இருக்கிறது: இவனிடம் கெஞ்சலாமா, அவனிடம் பேரம் பேசலாமா. கடைக்காரியின் கண் அது. அவர் 2024 மார்ச் மாதம் மறைந்தார். அவர் நடிப்பைப் பார்க்க விரும்புகிறவர்கள் அந்தப் பெஞ்சிலிருந்தே தொடங்கலாம்.

படத்துக்கு வெளியே நடந்ததைச் சொல்லும்போது மனம் கனக்கிறது. கானில் திரையிடப்படுவதற்குச் சில நாள் முன்புதான் ரோட்ரிகோ டுட்டெர்ட்டே அதிபர் தேர்தலில் வென்றிருந்தார். ஜூன் 30 அன்று பதவியேற்றார். ஜூலை 6 அன்று படம் பிலிப்பைன்ஸ் திரையரங்குகளுக்கு வந்தது. அந்த நாள்களிலேயே போதைப்பொருளுக்கு எதிரான போர் என்ற பெயரில் தெருக்களில் பிணங்கள் விழத் தொடங்கியிருந்தன. அரசின் கணக்கிலேயே, போலீஸ் நடவடிக்கைகளில் இறந்தவர்கள் ஆறாயிரத்துக்கு மேல். மனித உரிமை அமைப்புகள் சொல்லும் எண்ணிக்கை இதைவிடப் பல மடங்கு. இறந்தவர்களில் பெரும்பாலோர் ரோசா, நெஸ்டர் போன்ற சில்லறை ஆட்கள். மெண்டோசா காட்டிய இரவில் பேரமாவது இருந்தது. பணம் கொடுத்து வீடு திரும்ப ஒரு வழி இருந்தது. சில வாரங்களில் அந்த இழிந்த வழியும் நல்ல காலத்து நினைவைப் போல ஆகிவிட்டது. 2025 மார்ச்சில் டுட்டெர்ட்டே கைது செய்யப்பட்டு, சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தின் விசாரணைக்காக ஹேக் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டார்.

இதில் எனக்கு ஆறாத ஒன்று உண்டு. ஊழல் போலீஸை இவ்வளவு கிட்டத்தில் காட்டிய மெண்டோசா, அந்த அதிபருக்கு வெளிப்படையான ஆதரவாளராக இருந்தார். 2016, 2017 ஆண்டுகளில் டுட்டெர்ட்டே நாடாளுமன்றத்தில் ஆற்றிய ஆண்டு உரைகளின் நேரடி ஒளிபரப்பை இயக்கியவரும் அவரே. 2018-இல் நெட்ஃபிளிக்ஸில் வெளியான அவருடைய தொடர் அந்தப் போரை நியாயப்படுத்துகிறது என்று கொல்லப்பட்டவர்களின் குடும்பங்கள் தரப்பிலிருந்து எதிர்ப்பு வந்தது. அந்த எதிர்ப்பில் நான் அவர்கள் பக்கம். ஆனாலும் 'மா ரோசா'வைத் திரும்பப் பார்க்கும்போது, எடுத்தவருடைய அரசியலைவிடப் படம் அதிகம் தெரிந்து வைத்திருக்கிறது என்று தோன்றுகிறது. அந்தப் பின்புறத்து அறையைப் பார்த்தவர் எவரும் அதே போலீஸார் கையில் துப்பாக்கியையும் முழு அதிகாரத்தையும் கொடுக்கச் சம்மதிக்க மாட்டார்.

ஒரு சின்னச் செய்தி. படம் வெளியான அதே ஜூலை மாதம், வாடிக்கையாளருக்கு மீதிச் சில்லறையைக் குறைத்துக் கொடுப்பதைத் தடைசெய்யும் மசோதா பிலிப்பைன்ஸில் சட்டமானது. காசுக்குப் பதில் மிட்டாய் கொடுப்பதும் அதன்படி குற்றம். படத்துக்கும் சட்டத்துக்கும் தொடர்பில்லை. கல்லாவில் நின்ற ரோசா கேட்டது நியாயம் என்று நாடு ஒப்புக்கொண்டது, அவ்வளவுதான்.

கடைசியில் பிள்ளைகள் கொண்டுவந்த பணத்தை எண்ணுகிறார்கள். இன்னும் சில ஆயிரம் குறைகிறது. ரோசாவை வெளியே விடுகிறார்கள், போய் மீதியைக் கொண்டு வா என்று. கணவன் பிணையாக உள்ளே இருக்கிறான். அவள் கைப்பேசியை அடகு வைக்கிறாள். திரும்பும் வழியில் பசிக்கிறது. தெருவோர வண்டியில் குச்சியில் குத்திய பொரித்த உருண்டைகளை வாங்கி ஒவ்வொன்றாகக் கடிக்கிறாள். எதிரே ஒரு குடும்பம் தங்கள் சின்னத் தள்ளுவண்டிக் கடையை இரவுக்காக மூடிக்கொண்டிருக்கிறது. அப்பா, அம்மா, பிள்ளைகள். அவர்களைப் பார்த்தபடியே மெல்லுகிறாள். கண்ணீர் வழிகிறது. மெல்லுவதை அவள் நிறுத்தவில்லை.

அது மனந்திருந்திய கண்ணீர் என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தத் தள்ளுவண்டிதான் ரோசா ஒரு காலத்தில் தொடங்கிய இடமாக இருக்க வேண்டும். அங்கிருந்து நான்கு சுவர், ஓர் அலமாரி, ஒரு தொலைக்காட்சி என்று ஏறி வந்தவள், விடிவதற்குள் அந்த வண்டிக்கும் கீழே வந்து நிற்கிறாள். வாயில் இருப்பதை விழுங்கிவிட்டு, கையில் இருக்கும் பணத்தோடு அவள் மறுபடி அந்தப் பின்புறத்து அறைக்குத்தான் போக வேண்டும்.